பெட்ரோல் காரில் சி.என்.ஜி. பொருத்தி, அதை ஆர்.சி.யில் ஏற்றிய அனுபவம்

வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 மாசுத் தரம் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் கட்டாயமானது. அந்தத் தரத்தில் வந்த பெட்ரோல் கார்களில் பிறகு சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) கிட், அதாவது அதில் வண்டியை ஓடவைக்கும் கருவித் தொகுப்பு, பொருத்திக்கொள்ள, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஆகஸ்டில்தான் அறிவிக்கை வெளியிட்டு வழிவிட்டது. தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் எனக்கு, பெட்ரோல் செலவைக் குறைக்க அது ஏற்ற வழியாகத் தெரிந்தது.

பொருத்தும் வேலை எளிது. டிக்கியில் சிலிண்டரை இறுக்கி, குழாய் இழுத்து, எஞ்சின் பக்கம் கருவிகளை இணைத்து முடித்துவிடுகிறார்கள். உழைப்பெல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. கிட்டுக்கு ஒப்புதல் தருவது வாகனப் பரிசோதனை நிறுவனம். சிலிண்டருக்கு ஒப்புதல் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. வண்டியில் நடந்த மாற்றத்தை ஏற்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இம்மூன்றும் தனித்தனியாக இயங்குவதால், ஒன்றின் தாளில் உள்ள எண் மற்றொன்றின் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே வண்டி உரிமையாளர் தலையில் விழுகிறது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, கிட்டின் ஒப்புதல் சான்றிதழில் என் காரின் எஞ்சின் கொள்ளளவும் மாசுத் தரமும் அடங்குகின்றனவா என்று படித்துப் பார்த்தேன். 'எல்லா வண்டிக்கும் போடலாம் சார்' என்ற வாய்ச்சொல் ஆய்வாளர் முன் செல்லாது. சிலிண்டர் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பார்த்துக்கொண்டேன். சுமார் 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அந்த உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அந்தக் கெடு பொறித்த தேதியிலிருந்து ஓடுகிறதே ஒழிய, நம் வண்டியில் ஏற்றிய நாளிலிருந்து அல்ல. கடையில் நெடுநாள் கிடந்த சிலிண்டரை வாங்கினால் அத்தனை மாதங்களும் நமக்கு நட்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். என் காரின் கடன் முடியாதிருந்ததால் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருந்தேன்; கடன் உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் வங்கிகள் இதற்கு அவசரப்படுவதில்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, கிட், சிலிண்டர் சான்றிதழ்கள், பொருத்திய மையத்தின் ரசீது, காப்பீடு, ஆர்.சி. ஆகியவற்றோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் டிக்கியைத் திறக்கச் சொல்லி, சிலிண்டரில் பொறித்த எண்ணைத் தாளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். ரசீதில் ஓர் இலக்கம் பிறழ்ந்திருந்தது. திருத்திய ரசீது வாங்கி வரும்வரை விண்ணப்பம் நின்றது. அலைச்சல் எரிச்சல் தந்தது உண்மை. ஆனாலும் விபத்து நேர்ந்தால் எந்தச் சிலிண்டர் எந்த வண்டியில் இருந்தது என்பதற்கு இந்த எண்ணைத் தவிர வேறு தடயம் இல்லை என்பதால், அவர் கறாராக இருந்ததில் எனக்குக் குறையில்லை.

ஆர்.சி.யில் எரிபொருள் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்று மாறியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதன் நகலை அனுப்பி, கிட்டின் மதிப்பைச் சேர்த்துச் சிறிதளவு கூடுதல் பிரீமியம் கட்டினேன். பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். பாலிசியில் வெறும் பெட்ரோல் வண்டி என்றே இருந்தால், இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் மறுப்பதற்கு நாமே காரணம் கொடுத்தவர்களாவோம். சி.என்.ஜி. நிரப்பும் பங்கில் ஊழியர்கள் ஆர்.சி.யைக் கேட்பதில்லை, எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, சிலிண்டரின் அடுத்த சோதனைத் தேதி எழுதிய தகட்டைத்தான் பார்க்கிறார்கள்.