நைட்ரஜனில் எலக்ட்ரான் சிதறல்: அழுத்தமானியில் ஒளிந்திருந்த 3%

நைட்ரஜனின் மொத்தச் சிதறல் குறுக்குவெட்டை, அதாவது எலக்ட்ரானைச் சிதறடிக்க ஒரு மூலக்கூறு காட்டும் பரப்பை, மெலிவு முறையில் ஒருவழியாக அளந்து முடித்தாயிற்று. எலக்ட்ரான் கற்றையை வாயு அறைக்குள் செலுத்தி, அது எவ்வளவு மெலிகிறது என்று பார்ப்பதே இந்த முறை. வாயு இருக்கும்போதும் இல்லாதபோதும் மறுமுனைக்கு வரும் மின்னோட்டங்களின் விகிதத்துக்கு மடக்கை எடுத்து, வாயுவின் அடர்த்தியாலும் அறை நீளத்தாலும் வகுத்தால் விடை. கணக்கு ஒரு வரிதான். பம்பும் எலக்ட்ரான் துப்பாக்கியும் தொல்லை தரவில்லை. படுத்தியது அடர்த்தி.

10 செ.மீ. அறையில் 1 மில்லிடார் நைட்ரஜன் என்றால், அறை வெப்பநிலையில் கன செ.மீ.க்குச் சுமார் 3.2×10¹³ மூலக்கூறுகள். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டக் குறுக்குவெட்டு மெல்ல ஏறியது. ஏறக்கூடாது, அது மூலக்கூறின் குணம், அழுத்தத்தைப் பொறுத்ததல்ல. கசிவா, பலமுறைச் சிதறலா என்று தேடிக் கடைசியில் அகப்பட்டது மின்தேக்கி அழுத்தமானி. அதன் தலை 45 டிகிரி செல்சியஸில் சூடாக்கி வைக்கப்பட்டிருக்கும். வாயு அறையோ 27 டிகிரி. மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதாமல் குழாய்ச் சுவரையே மோதும் தாழ்ந்த அழுத்தத்தில், இருபுற அழுத்தங்களும் வெப்பநிலையின் வர்க்கமூல விகிதத்தில் நிற்கும். 318-ஐ 300-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.03. மானி 3% கூட்டிக் காட்டும், குறுக்குவெட்டு 3% குறைந்து வரும். அழுத்தம் ஏறினால் இந்தப் பிழை தேயும். அதனால்தான் அந்த ஏற்றம். இந்த வெப்பநிலை வேறுபாட்டைச் சரிசெய்யும் தகாய்ஷி-சென்சூயி சூத்திரத்தால் திருத்தியதும் புள்ளிகள் கிடைக்கோட்டில் படுத்துக்கொண்டன. அந்தக் கோட்டைப் பார்த்த நிம்மதி சொல்லி மாளாது.

அடுத்த கண்ணி: வாயுவை விட்டதும் துப்பாக்கியில் எலக்ட்ரான்களை வெளிவிடும் சூடான இழையின் உமிழ்வே மாறிவிடும். கற்றை குறைவது சிதறலாலா, இழையாலா என்று பிரிக்க முடியாது. வாயுவை மூடித் திறக்காதீர்கள். ஒருமுறை அறைக்குள், மறுமுறை அதே ஓட்டத்தை வெளி வெற்றிடக் கலத்துக்குள் திருப்புங்கள். துப்பாக்கியைச் சுற்றிய அழுத்தம் இரண்டு நிலையிலும் ஒன்றாகவே இருக்கும்.

புவிக் காந்தப்புலத்தை அலட்சியம் செய்யவே வேண்டாம். 0.5 காஸ் புலத்தில் 1 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் 6.7 செ.மீ. ஆரத்தில் வளைந்துவிடும், 10 செ.மீ. அறையைத் தாண்டுவது எங்கே? எதிர்ப்புலம் தந்து அதை நீக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்களோ, காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-உலோகக் கவசமோ கட்டாயம்.

எலக்ட்ரான்களின் ஆற்றல் அளவுகோலையும் மின்வழங்கியின் எண்ணை நம்பி எழுதாதீர்கள். வெவ்வேறு உலோகங்களுக்கிடையே தானாக எழும் தொடுகை மின்னழுத்தம் அதை நகர்த்திவிடும். ஹீலியத்தில் 19.37 எலக்ட்ரான்வோல்ட்டில் சிதறல் சட்டென மாறும் ஒத்ததிர்வைப் பிடித்துச் சரிபார்த்தோம். நைட்ரஜனிலும் 2 முதல் 3 எலக்ட்ரான்வோல்ட் வரை சீப்புப் பல் போல மேடுகள் வரும். அவை மழுங்கித் தெரிந்தால் கற்றையின் ஆற்றல் பரவல் அதிகம்.

நேர்முன்னே மிகச் சிறு கோணத்தில் சிதறியவையும் சிதறாதவையோடு சேர்ந்து எண்ணப்படும். நைட்ரஜனுக்கு இது சிறிய திருத்தம். நீர் போன்ற முனைவு மூலக்கூறுகளில் பெரிய பள்ளம்.

கணினி மாதிரிக்கு வந்தால், வாயுவில் எலக்ட்ரான்களின் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலில் அளந்த மொத்தக் குறுக்குவெட்டை அப்படியே கொட்டக்கூடாது. அதற்கு வேண்டியது உந்தமாற்றக் குறுக்குவெட்டு. பின்னோக்கித் திரும்பும் எலக்ட்ரானுக்கு அங்கே எடை அதிகம். இந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் போல்சிக்+ நிரலில் இன்னொரு பொறி இருக்கிறது. மீள் மோதலும், மூலக்கூறுக்கு உள்ளாற்றல் தரும் மீளா மோதல்களும் சேர்ந்த ‘எஃபெக்டிவ்’ அட்டவணைக்கு, மீள் மோதலுக்கு மட்டுமான ‘எலாஸ்டிக்’ என்ற பெயரை இட்டால், மீளா மோதல்கள் உந்த இழப்பில் இரண்டு முறை எண்ணப்படும். நிரல் பிழைச்செய்தி தராமல் அழகாக ஓடி முடியும். மின்புலத்தில் எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகத்தை (நகர்வு வேகம்) அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்டால்தான் தவறு வெளியே வரும்.