முதல் மூன்று மாதமும் என் யோகா பாயும்

2024 ஜூன் 8, சனி. மதுரை

நேற்று விடியற்காலையில் கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிந்தது. கடைசி மாதவிலக்குத் தொடங்கிய மே 6ஆம் தேதியிலிருந்து எண்ணினால் இன்று நான்கு வாரமும் ஐந்து நாளும் ஆகின்றன. கணவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எட்டாவது வாரத்தில் ஒரு கரு கலைந்தது. கருவுற்றது தெரியாமலே அந்த மாதமும் நான் தோள்களை ஊன்றிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம் செய்துகொண்டிருந்தேன் என்பதை அறிந்த உறவினர் ஒருவர், "தலைகீழா நின்னா கரு எப்படித் தங்கும்?" என்று கேட்டார். தொடக்க வாரக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம் என்றும், ஆரோக்கியமான கர்ப்பத்தை மிதமான உடற்பயிற்சி கலைத்துவிடுவதில்லை என்றும் மருத்துவர் அப்போதே விளக்கியிருந்தார். பகலில் நான் அதை நம்பினேன். இரவில் அந்த உறவினரின் கேள்விதான் காதில் கேட்டது. அதனால் இந்த முறை எதைச் செய்கிறேன், எதை விடுகிறேன், ஏன் விடுகிறேன் என்பதை நாள் குறித்து எழுதி வைக்கப் போகிறேன். காரணம் தெரியாமல் ஒன்றை விட்டால், விட்ட பிறகும் பயம் மட்டும் மிஞ்சுகிறது.

2024 ஜூன் 12, புதன்

மருத்துவரைப் பார்த்தோம். யோகா செய்யலாமா என்ற கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரத்தப்போக்கு உண்டா, அடிவயிற்றில் வலி உண்டா, இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, இதயத்திலோ நுரையீரலிலோ பழைய நோய் ஏதேனும் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அதன் பிறகே, முன்பு ஒருமுறை கலைந்திருப்பதால் முதல் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் சரியான இடத்தில் இருப்பதைப் பார்க்கும் வரை நடையும் மூச்சுப் பயிற்சியும் போதும் என்றார். இது எனக்காக அவர் எடுத்த முடிவு. எல்லாருக்குமான விதி இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. யோகாவை அது பாதுகாப்பான பயிற்சிகளோடு சேர்க்கிறது. சூடேற்றிய அறையில் செய்யும் யோகாவைத் தவிர்க்கச் சொல்கிறது. தொடக்க வாரங்களில் தாயின் உள்ளுடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்வதற்கும், மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழந்தையின் நரம்புக் குழாயில் ஏற்படும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதே அதற்குக் காரணம். நரம்புக் குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் நேரமே ஏறக்குறைய அதுதான் என்பதால், அந்தக் குறைபாட்டைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். நான் மார்ச் மாதமே தொடங்கிவிட்டேன். சென்ற முறை செய்யாத காரியங்களில் அதுவும் ஒன்று.

2024 ஜூன் 15, சனி

எனக்கு யோகம் கற்றுத் தந்த டீச்சரிடம் தொலைபேசியில் பேசினேன். முதல் மூன்று மாதம் முழு ஓய்வு என்று சொல்லும் யோகப் பள்ளிகளும் உண்டு, மாற்றி அமைத்துக்கொண்டு தொடரலாம் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஆசனத்துக்கு ஆளைப் பொருத்தக் கூடாது, ஆளுக்குத்தான் ஆசனத்தைப் பொருத்த வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொல்வது. சென்னையில் நெடுங்காலம் கற்பித்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்களிடம் இந்தப் பேச்சை நிறையக் கேட்கலாம்.

முதலில் கைவிடச் சொன்னது ஆசனங்களை அல்ல, சில மூச்சுப் பயிற்சிகளை. கபாலபாதி, பஸ்திரிகா, உட்டியாண பந்தம், நௌலி ஆகிய நான்கும் வயிற்றை அழுத்தியோ உள்ளிழுத்தோ செய்பவை என்பதால் இன்றோடு நிற்கின்றன. மூச்சை நிறுத்தி வைக்கும் கும்பகமும் கூடாது. 16 மாத்திரை (பழைய கால அளவு) உள்ளிழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளிவிடும் கணக்கைத் திருமூலர் சொல்கிறார். அதில் நிறுத்தும் பகுதியே மிக நீளம். கருவுற்ற உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூச்சை ஏற்கெனவே ஆழமாக்கிவிடுகிறது. மாடிப்படி ஏறும்போதே எனக்கு அது தெரிகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் மூச்சைப் பிடித்து வைத்தால் தலைசுற்றல்தான் மிஞ்சும். மூச்சை நிறுத்தாமல், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றிச் செய்யும் நாடி சுத்தியும், வண்டுபோல ரீங்கரிக்கும் பிரமரியும் போதும்.

சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் பற்றி அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. கரு வழுக்கி வெளியே வந்துவிடும் என்பதற்காக அவற்றைத் தவிர்ப்பதில்லை. இரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மயக்கமும் மாறி மாறி வரும் நாட்களில் நிலை தடுமாறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் ஆகியவையும் அப்படித்தான். ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. குப்புறப் படுத்தால் கரு நசுங்கிவிடாது. ஆனால் மார்பு கனத்து வலிக்கும், குமட்டலும் கூடும். பின்னால் எப்படியும் விடப் போகும் பழக்கத்தை இப்போதே விடுவது எளிது என்றார்.

2024 ஜூன் 21, வெள்ளி

2015 முதல் ஆண்டுதோறும் இந்த நாளில் சர்வதேச யோகா தினம் வருகிறது. எங்கள் பள்ளியில் அதற்கென்று ஒரு பலிகடாவும் உண்டு: கணக்கு ஆசிரியையான நான். மேடையேறிப் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம் செய்து காட்டுவது என் வேலை. ஆறு வாரமும் நான்கு நாளும் ஆன நிலையில், காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிட்ட மைதானத்தில், பின்னால் தாவுவதும் சட்டென்று குனிந்து நிமிர்வதும் இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணத்தையோ பள்ளியில் இன்னும் யாரிடமும் சொல்லும் எண்ணமில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டது என்று பொய் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையில் செய்து காட்ட, நான் நிழலில் நின்று ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொன்னேன். ஏழாவது சுற்றில் என்னையறியாமல் குதிகால் மேலெழுந்தது. பழகிய உடல் சும்மா இருக்க மறுப்பதைப் போலத் தொல்லை வேறில்லை. புதிதாகத் தொடங்குபவள் தானாகவே தயங்குவாள். பல ஆண்டு பழகியவளைத்தான் கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

2024 ஜூன் 27, வியாழன்

ஏழு வாரம் மூன்று நாள். ஸ்கேன் திரையில் 12 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெளிறிய புள்ளி தெரிந்தது, அதன் நடுவில் ஒரு துடிப்பும். நிமிடத்துக்கு 146 என்றார்கள். மருத்துவர் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார்.

மாலையில் பாயை விரித்தேன். முன்பெல்லாம் ஜமுக்காளத்திலேயே செய்துவிடுவேன். மொசைக் தரையில் அது நழுவும் என்பதால் ரப்பர் பாய்க்கு மாறிவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு சாப்பிட்டிருந்தேன். வெறும் வயிறானால் குமட்டும் என்பதால் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு பிடி பொரி. தாடாசனத்தில் பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து நின்று, கைகளை மூச்சோடு உயர்த்தி இறக்கியது ஆறு முறை. சுவரோரம், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம். பிறகு நான்கு காலில் நின்று, மூச்சை விடும்போது முதுகை வளைத்தும் இழுக்கும்போது நிமிர்த்தியும் செய்யும் மார்ஜாரி ஆசனம். தலையைத் தொங்கவிட்டால் வாய் புளித்தது என்பதால் கண்களைத் தரையில் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன். அடுத்துச் சுவரில் சாய்ந்து, உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனம். முறுக்கும் ஆசனத்தில் தொடை வயிற்றை அழுத்தாதபடி வெளிப்புறமாகத் திரும்பித் தோள்களை மட்டுமே சுழற்றினேன். கடைசியாகச் சவாசனம். மல்லாந்து படுத்தால் பெரிய இரத்தக் குழாயைக் கருப்பை அழுத்தும் என்ற எச்சரிக்கை பாதிக் கர்ப்பம் கடந்த பிறகே பொருந்துவதால், இப்போதைக்கு மல்லாந்தே படுக்கலாம்.

எல்லாம் சேர்ந்து 25 நிமிடம். பயிற்சியின்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி என்பார்கள். நான் 17ஆம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். மூச்சு வாங்காமல் 170 வரை போக முடிந்தது.

2024 ஜூலை 6, சனி

பயிற்சியின் நடுவில் மின்சாரம் போனது. மின்விசிறி இல்லாத அறையிலேயே தொடர்ந்தேன். அதுதான் முதல் பிழை. முன்னால் குனிந்து கைகளைத் தரையில் வைத்த நிலையிலிருந்து பழைய வேகத்தில் நிமிர்ந்தேன், அது இரண்டாவது. கண் முன்னே கறுப்புத் திரை இறங்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பியின் துரு உள்ளங்கையில் கோடாக ஒட்டியிருந்தது.

தொடக்க மாதங்களிலேயே இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. படித்துத் தெரிந்துகொண்டதை ஜன்னல் கம்பி கற்றுக்கொடுத்தது. இனி முன்வளைவுக்குத் தரை வேண்டாம், நாற்காலி முதுகில் கை வைத்துப் பாதி வரை போதும். நிமிரும்போது தலை கடைசியாக வரட்டும். பயிற்சி நேரத்தையும் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டேன், அருகில் ஒரு செம்பு தண்ணீரோடு.

2024 ஜூலை 14, ஞாயிறு

வெட்கத்தோடு எழுத வேண்டிய பதிவு இது. வியாழனன்று உபவிஷ்ட கோணாசனத்தில் என் கால்கள் இதற்கு முன் ஒருநாளும் விரியாத அளவுக்கு விரிந்தன. பத்தாண்டு உழைப்புக்குக் கிடைத்த பலன் என்று மகிழ்ந்து, இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்தேன். மறுநாள் முதல் படுக்கையில் புரளும்போதெல்லாம் பின்னிடுப்பின் ஒரு பக்கம் சுருக்கென்று குத்துகிறது.

அது உழைப்பின் பலன் இல்லை என்றார் டீச்சர். எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டும் நார்களைக் கர்ப்பகால ஹார்மோன்கள் தளர்த்துகின்றன. அவற்றில் ரிலாக்சின் இரத்தத்தில் உச்சம் தொடுவதும் முதல் மூன்று மாதம் முடியும் இந்தக் கட்டத்தில்தான். வழக்கமாக நம்மை நிறுத்தும் எல்லைக்கோடு இப்போது தள்ளிப் போயிருக்கும், உடல் "போதும்" என்று சொல்லும் வரை காத்திருந்தால் அதற்குள் கடந்துவிட்டிருப்போம் என்பது அவர் விளக்கம். முடிந்த அளவில் முக்கால் பங்கோடு நின்றுவிட வேண்டுமாம். கணக்கு ஆசிரியைக்குப் புரியும் மொழியில் சொன்னார்.

இதற்கிடையில் தோழி ஒருத்தி, கர்ப்பிணிகளுக்கு 26 ஆசனங்களைச் செய்ய வைத்துக் கண்காணித்ததில் தாய்க்கும் சேய்க்கும் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்ற 2015ஆம் ஆண்டு ஆய்வை அனுப்பியிருந்தாள். தேடிப் படித்தேன். பங்கேற்ற 25 பேரும் முப்பத்தைந்து வாரம் கடந்தவர்கள்; தலைகீழ் ஆசனங்கள் அதில் இல்லை. நல்ல ஆய்வுதான், ஆனால் ஒன்பது வாரக்காரி அதைக் காட்டி எதையும் நியாயப்படுத்திக்கொள்ள முடியாது.

2024 ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் உள்ளாடையில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, காசு அளவு. பாயைத் தொடவில்லை. பத்து மணிக்கெல்லாம் மருத்துவமனையில் இருந்தோம்.

துடிப்பு இருந்தது. முதல் மூன்று மாதத்தில் கறை படுவது பலருக்கும் நேர்வதுதான் என்றும், பெரும்பாலான கர்ப்பங்கள் அதைக் கடந்து தொடர்கின்றன என்றும் மருத்துவர் சொன்னார். இரத்த வகை பாசிட்டிவா என்று கோப்பில் சரிபார்த்தார். நெகட்டிவ் ஆனால் ஊசி தேவைப்படக்கூடும். படுத்த படுக்கையாக இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுப்பதாக நிரூபணமில்லை, வழக்கமான வீட்டு வேலையைச் செய்யலாம், ஆனால் அடுத்த ஸ்கேன் வரை ஆசனங்கள் வேண்டாம் என்றார். கறை சிவந்தாலோ, வயிற்றைப் பிசைந்தாலோ, மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தாலோ நேரம் பார்க்காமல் வர வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

திரும்பும் வழியில், கால்களை அளவுக்கு மீறி விரித்த அந்த வியாழன்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன் என்பதையும், அவர் சிரிக்காமல் "இல்லை" என்றார் என்பதையும் கணவரிடம் சொன்னேன். அன்றிரவு அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாளா தனியாவா பயந்துக்கிட்டு இருந்தே?"

2024 ஜூலை 31, புதன்

பன்னிரண்டு வாரம் இரண்டு நாள். கறை மூன்றாம் நாளே நின்றுவிட்டது. இடைப்பட்ட நாட்களில் காலையில் பாயில் படுத்து மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதை யோகா இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைய ஸ்கேனில் குழந்தையின் கழுத்துப் பின்புறத் திரவ அளவு சரியாக இருந்தது. தலை முதல் புட்டம் வரை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். மெதுவாகத் தொடங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் வேலையும் முன்பே முடிந்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பதினைந்து நாளுக்குப் பிறகு எழுந்து நின்று செய்த முதல் பயிற்சி. விருட்சாசனத்தில் பாதத்தைத் தொடை வரை ஏற்றவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டேன். ஐந்து மூச்சுக்குள் கால் நடுங்கியது. நடுங்கியதும் இறக்கினேன். ஜூன் மாதத்து நான் இன்னும் பத்து மூச்சு நின்றிருப்பேன்.

பாதியில் அடுக்களையிலிருந்து புளியோதரைக்குத் தாளிக்கும் வாசனை வந்தது. இரண்டு மாதமாக அந்த வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நான். இன்று குமட்டவில்லை. சவாசனத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி மெல்ல எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.