கல்லை யார் புரட்டினது? ஈஸ்டர் பாட்டுகளும் நான்கு சுவிசேஷங்களும்

இயேசு கல்லறையில் எழுந்த அந்த நொடியை நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூட எழுதவில்லை. கல் புரண்டு கிடந்தது, சீலைகள் கிடந்தன, தூதன் பேசினான், பெண்கள் ஓடினார்கள். எல்லாமே நடந்து முடிந்த பிறகு கண்டவை. எழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்று ஒருவரையும் வேதம் காட்டவில்லை. நம் பாட்டுகளோ அந்த நொடியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. வருஷாவருஷம் புதிதாக வரும் ஈஸ்டர் பாட்டுகளில் அவர் கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார்.

மத்தேயு 28:2-ஐ எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய தூதன் இறங்கி வந்து கல்லைப் புரட்டி, அதன்மேல் உட்காருகிறான். உடனே பெண்களிடம், "அவர் இங்கே இல்லை, தாம் சொன்னபடியே உயிர்த்தெழுந்தார்" என்கிறான். கல் திறந்தது பெண்கள் உள்ளே பார்ப்பதற்காக. பூட்டிய கதவுக்குள் வந்து நிற்கிறவருக்கு (யோவான் 20:19) கல் ஒரு தடையே இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைத்தால், பாட்டு எழுதுகிறவர் சினிமாச் சண்டைக்காட்சிக்குள் நழுவிவிடுவார். வேதத்தின் கதையோ சாட்சிகளின் கதை. யார் முதலில் வந்தார்கள், என்ன பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் அதன் ஓட்டம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்துச் சபைகளில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பாட்டு தேர்வு செய்கிறவர்களையும், புதிதாக எழுதிப் பார்க்கிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரு பாட்டு எந்தச் சுவிசேஷத்திலிருந்து பேசுகிறது என்று பார்க்கிற பழக்கம் வேண்டும். நிலநடுக்கமும் காவல்சேவகரும் முத்திரையும் மத்தேயுவில் மட்டும். "கல்லை நமக்காக எவன் புரட்டித் தள்ளுவான்" என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போவது மாற்கில் மட்டும். எம்மாவு வழியை விரிவாகச் சொல்கிறவர் லூக்கா. மரியாள் தனியே நின்று அழுவதும், பேதுருவும் மற்றச் சீஷனும் ஓட்டப்பந்தயம் போல ஓடுவதும், தலைச்சீலை தனியே சுருட்டி வைத்திருந்ததும் யோவான். பெண்கள் எத்தனை பேர் என்பதிலும் வித்தியாசம் உண்டு: மத்தேயுவில் இரண்டு மரியாள்கள், மாற்கில் சலோமேயோடு மூன்று பேர், லூக்காவில் யோவன்னாளும் இன்னும் சிலரும், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும் பெயரோடு வருகிறாள்.

நான்கையும் ஒரே சரணத்தில் அடைத்தால் என்ன ஆகும்? முதல் வரியில் மரியாள் தனியாக அழுகிறாள், இரண்டாம் வரியில் பெண்கள் கூட்டமாகச் சந்தோஷத்தோடு ஓடுகிறார்கள், மூன்றாம் வரியில் பூமி அதிர்கிறது. பாடுகிறவர் மனதில் ஒரு காட்சியும் தங்காது. ஒரு சரணத்துக்கு ஒரு சுவிசேஷம், ஒரு காட்சி. கலக்க வேண்டுமென்றால் சரணம் மாறும்போது கலக்கட்டும்.

அப்படிக் கலந்தும் நன்றாக நிற்கிற பாட்டு ஒன்று நம் எல்லாருக்கும் மனப்பாடம்: 'கீதம் கீதம் ஜெய ஜெய கீதம்'. கைகொட்டிப் பாடுகிற பாட்டு என்பதால் அதன் சொற்களை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. கல்லும் முத்திரையும் காவலும் மத்தேயு 27:66-லிருந்து 28:4 வரை உள்ள பகுதி. அழ வேண்டாம், ஓடிப்போய்ச் சொல்லுங்கள், கலிலேயாவுக்குப் போங்கள் என்பது தூதனும் இயேசுவும் பெண்களிடம் சொன்னது. அழுகை மட்டும் யோவானிலிருந்து வருகிறது. அன்னாவும் காய்பாவும் அதிர்ந்துபோகிற சரணம், பிரதான ஆசாரியர் சேவகருக்குப் பணம் கொடுத்து வாயடைத்த கதையின் மேல் கட்டியது. மத்தேயு 28:11-15-இல் அந்த இரண்டு பெயர்களும் இல்லை, பாட்டுதான் பெயர் சூட்டுகிறது. அது நியாயமான உரிமை, ஏனென்றால் பாடு மரண வரலாற்றில் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள். வாசல் நிலைகள் உயர்கிற சரணம் சங்கீதம் 24:7. திருச்சபை அதைப் பரமேறுதலோடு சேர்த்துப் பாடுவது பழைய வழக்கம். அதாவது காலையில் தொடங்கி நாற்பதாம் நாள்வரை அந்தப் பாட்டு நடந்துவிடுகிறது. நேரமில்லை என்று முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் மட்டும் பாடினால், நடுவில் பெண்களுக்குக் கொடுத்த செய்தி விழுந்துபோகும். கதை சொல்லும் பாட்டில் சரணம் வெட்டாதீர்கள். நேரம் வேண்டுமென்றால் வேறொரு பாட்டை முழுதாக எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பவுல். உயிர்த்தெழுதல் பாட்டுகளில் கதைக்கு அடுத்தபடி அதிகம் எடுத்தாளப்படுவது 1 கொரிந்தியர் 15. "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்ற வரி இல்லாத ஈஸ்டர் பாட்டுத் தொகுப்பு கிடைப்பது அரிது. பவுலே அதை ஓசியா 13:14-லிருந்து எடுக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில் மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது என்பது ஏசாயா 25:8. ஹேண்டல் 1741-இல் இயற்றிய 'மேசியா'விலும் இதே வேலைதான்: மூன்றாம் பாகத்தின் முதல் பாட்டு யோபு 19:25-ஐயும் 1 கொரிந்தியர் 15:20-ஐயும் ஒன்றாகத் தைக்கிறது. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று யோபு சொன்னதற்கு, முதற்பலனானார் என்ற பவுலின் வார்த்தை பதிலாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்று, புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்று, நடுவில் விளக்கம் கிடையாது. தமிழில் எழுதுகிறவர்களும் பின்பற்றத் தகுந்த முறை.

இந்தக் கூர் வரியில் பெரும்பாலோர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. 15:54-இல் பவுல், அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும்போதுதான் அந்த வார்த்தை நிறைவேறும் என்கிறார். 15:26-இல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார், இனிமேல் பரிகரிக்கப்படப் போகிறது. ஆக அந்தக் கேள்வி வரப்போகிற ஒரு நாளின் கேள்வி. பாட்டு அந்த 'அப்பொழுது'வைத் தூக்கிவிட்டு, இன்றைக்கே மரணமில்லை, நோயில்லை, கண்ணீரில்லை என்று அடித்துச் சொல்லும்போது வேதத்தைவிட அதிகமாகச் சொல்லிவிடுகிறது. வேறு ஊரில் எப்படியோ, வேலூரில் இதைக் கவனிக்காமல் முடியாது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஈஸ்டர் காலையில் நம் பெஞ்சின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டு ஆள் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். மொழி புரியாவிட்டாலும் அல்லேலூயா அவருக்குப் புரியும். அவருக்கும் இடம் இருக்கிற பாட்டு எது? யோவான் 20-இன் மரியாள்தான். "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்" என்ற கேள்வி கண்ணீரைத் துடைக்காமல் முதலில் விசாரிக்கிறது. ஈஸ்டர் ஆராதனையில் அழுகிற பாட்டு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அதை எங்கே வைப்பது? ஆரம்பத்தில். யோவான் "இருட்டோடே" என்று தொடங்குகிறார், மாற்கு சூரியன் உதயமாகிற நேரம் என்கிறார். ஏப்ரல் முதல் வாரங்களில் வேலூரில் சூரியன் உதிப்பது ஆறு மணியை ஒட்டி. ஆராதனை நாலரைக்குத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. முதல் பத்து நிமிஷம் விளக்கைக் குறைத்து, கருவி எதுவும் இல்லாமல், யோவான் 20:11-13 சார்ந்த மெதுவான பாட்டு. பிறகு வாசிப்பு. 16-ஆம் வசனத்தில் "மரியாளே" என்று அழைக்கிற இடம் வந்தபின் கருவிகள் நுழையட்டும். ஆர்ப்பரிப்புப் பாட்டுகள் அதற்குப் பின்னால். வெளியே வெளுக்கும்போது மாற்கு வாசிப்பும் கைகொட்டும் பாட்டும். மொத்தம் ஆறு பாட்டு போதும். எட்டு, ஒன்பது என்று போட்டால் பிரசங்கமும் நற்கருணையும் நெருக்கிப்பிடித்து, கடைசியில் வெட்டுவது எப்போதும் கதைப்பாட்டையே.

அதிகாலைத் தொண்டை விஷயமும் உண்டு. எழுந்த உடனே சபை மேல் ஸ்தாயியைத் தொடாது. வழக்கமாக மூன்று கட்டையில் பாடுகிற பாட்டை இரண்டுக்கு இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் போட்டவர் அடுத்த பாட்டுக்கு அதைத் திரும்ப எடுக்க மறப்பது வழக்கமான விபத்து. பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் கட்டையை எழுதி வைத்தால் தீர்ந்தது. கீர்த்தனை பூபாளத்தில் இருந்தால் கீபோர்டுக்காரருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அது விடியற்காலை ராகம், பொருத்தமும்கூட, ஆனால் அதில் சாதாரண காந்தாரமும் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வருகின்றன. பழக்கத்தில் மேஜர் கார்டை அழுத்தினால் பாடுகிறவரின் காந்தாரத்தோடு மோதி, யாரோ சுருதி விலகிப் பாடுவது போலக் கேட்கும். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்தால் போதும். மோகனத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தெருவில் பவனி போகிற சபைகளுக்கு ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக் இல்லாமல் நடக்கும்போது நீண்ட சரணம் முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் இடையில் இரண்டாக உடையும். எனவே ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் குறுகிய அடிகள் வேண்டும். அதற்கு லூக்கா 24:5-6 அப்படியே கைக்கு வருகிறது: உயிரோடிருக்கிறவரை மரித்தோரிடத்தில் தேடுகிறதென்ன என்று ஒரு பக்கம் கேட்க, அவர் இங்கே இல்லை என்று மறுபக்கம் பதில் சொல்ல. பறை இருக்கிற ஊரில் பனியில் தோல் தளர்ந்திருக்கும், புறப்படுமுன் வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் நுணுக்கமாக. 'உயிர்த்தெழுந்தார்' என்ற சொல் குறிலில் தொடங்குகிறது. தாளத்தின் தட்டில் 'உ'வை வைத்தால் சபை அதை 'ஊயிர்' என்று இழுத்துவிடும். 'உ' தட்டுக்கு முன்னால் வந்து, 'யிர்த்' தட்டில் விழ வேண்டும். திரையில் போடும் வரிகளில் 'உயிர்தெழுந்தார்' என்று ஒற்று விட்டுப் போவதும் சகஜம், கண் தவறாகப் பார்த்தால் வாயும் தவறாகப் பாடும். பல்லவியில் 'நீர்' என்று அழைத்துவிட்டு சரணத்தில் 'அவர்' என்று போவதும் அடிக்கடி நடக்கிறது. சங்கீதங்களிலும் அந்த மாற்றம் உண்டு, குற்றமில்லை. ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் மாறக்கூடாது. சரணம் கதையைச் சொல்லட்டும், அங்கே 'அவர்'. பல்லவி சபையின் பதில், அங்கே 'நீர்'. இப்படிப் பிரித்துவிட்டால் குழப்பம் போய்விடும்.

வேறு சில தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்தது இயேசு மரித்த வெள்ளிக்கிழமை, ஞாயிறு அல்ல. மத்தேயுவில் இரண்டு பூமியதிர்ச்சிகள் உண்டு, மரணத்தில் ஒன்று (27:51), கல் புரண்டபோது ஒன்று. கன்மலைகள் பிளந்தது முதலாவதில். மகதலேனா மரியாளை லூக்கா 7-இன் பாவியான ஸ்திரீ ஆக்காதீர்கள், அந்தப் பெண்ணுக்கு லூக்கா பெயர் தரவில்லை. நூறு இராத்தல் கந்தவர்க்கம் கொண்டுவந்தவன் நிக்கொதேமு, அதுவும் அடக்கத்தின்போது. பெண்கள் ஞாயிறன்று கொண்டுவந்தது வேறு.

சங்கீதம் 118-ஐ மட்டும் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்" என்பதைப் பிறந்தநாளுக்கும் பாடித் தேய்த்துவிட்டோம். அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பது, வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல். சிலுவையில் தள்ளப்பட்டவர் எழுந்த நாள்தான் அந்த 'நாள்' என்று திருச்சபை வாசித்தது. பஸ்காவில் பாடும் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களில் இது கடைசி. கடைசி இராப்போஜனத்துக்குப் பின் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறபோது, இந்தச் சங்கீதம் அவர்கள் வாயில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிய வியாழன் இரவு இதன் ஒரு பகுதியை மெதுவாகவும், ஞாயிறு காலை 22 முதல் 24 வரை உரத்தும் பாடிப் பாருங்கள். ராகம் ஒன்றாகவே இருக்கட்டும், காலம் மட்டும் மாறட்டும்.

1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆரம்பித்த ஆற்காடு மிஷன் வழியாக வந்த சபைகளில் ஆங்கில மெட்டுப் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் நடப்பது இயல்பு. பாமாலைகள் பெரும்பாலும் பவுலின் பக்கம், கீர்த்தனைகள் கதையின் பக்கம். இப்போதைய ஆராதனைப் பாட்டுகள் 'எனக்காக எழுந்தீர்' என்ற ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. அந்த மூன்றாவது வகை மட்டும் நிரம்பிய ஈஸ்டர் ஆராதனையில் காலிக் கல்லறையை ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தோமாவின் ஞாயிறு, யோவான் 20:24-29. சந்தேகம், எட்டு நாள் காத்திருப்பு, காயத்தைத் தொட அழைப்பு, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற பதில் என்று சரணம் சரணமாகப் பிரிந்தே கிடக்கிற பகுதி. அந்த வாரம் பெரும்பாலும் முந்தின ஞாயிற்றின் பட்டியலையே திருப்பிப் பாடுகிறோம். புதிதாக எழுத நினைக்கிறவர்கள் கல்லறை வாசலை விட்டுவிட்டு அங்கே போகலாம்.