தென்னாப்பிரிக்க டர்பன் வெயிலில் ஒரு பவர் மீட்டர்: கப்ளரை நேர்படுத்திய கதை

என் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆம்ப்ளிஃபயருக்குள் வைக்கவேண்டிய டைரக்ஷனல் கப்ளர், அதாவது ஆன்டெனாவுக்குப் போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் தனித்தனியாக அளக்க உதவும் உறுப்பு, ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. டான்டம் மேட்ச் வகை. இரண்டு 43 ரக ஃபெரைட் வளையங்கள், ஒவ்வொன்றிலும் 20 சுற்று, நடுவில் ஆர்ஜி-58 கேபிள் துண்டு. கேபிளின் பின்னலை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்யவேண்டும். இரண்டு முனையிலும் செய்தால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்றாகிவிடும்.

20 சுற்றுக்கு 26 டிபி (டெசிபல்) இறக்கம், அதாவது வோல்டேஜ் இருபதில் ஒரு பங்காகும். 50 ஓம் லைனில் 100 வாட் போனால் உச்ச வோல்டேஜ் 100, கப்ளர் முனையில் 5. நான் எதிர்பார்ப்பது 300 வாட், அதற்கு 8.7 வோல்ட் வரும், அதை அளந்து கணக்கிடும் அர்டுயினோ (சிறு கம்ப்யூட்டர் போர்டு) தாங்காது. ஆகவே ரேடியோ வோல்டேஜை டிசியாக்கும் டயோடுக்குப் பின்னால் இரண்டு 10 கிலோ ஓம் போட்டுப் பாதியாக்கினேன். கப்ளர் முனையில் நிற்கும் டெர்மினேஷன் ரெசிஸ்டர் 300 வாட்டில் முக்கால் வாட் வாங்கும், கால் வாட் ரகத்தை அங்கே வைத்தால் கருகும்.

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரை வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் ரெசிஸ்டர்) மாட்டிப் பார்த்தேன். 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகாஹெர்ட்ஸ்) எல்லாம் சுத்தம். 10 மீட்டரில் (28 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் திரும்பி வரும் பவர் கொஞ்சம் தலைகாட்டியது. வளையங்களுக்கு நடுவே தகரத் தடுப்பு வைத்தேன், வயர்களைக் குறுக்கினேன், அசையவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிற மூத்த ஹாம் ஒருவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கப்ளரை விடு, முதல்ல லோடை நம்பலாமான்னு பார்" என்றார். நானோவிஎன்ஏ-வில் (லோடின் பொருத்தத்தை அளக்கும் சிறு கருவி) மாட்டினால் என் டம்மி லோடு 28 மெகாஹெர்ட்ஸில் 1.1 எஸ்டபிள்யூஆர் காட்டியது; பொருத்தம் கச்சிதமானால் இந்த எண் 1, பிசகப் பிசக ஏறும். 1.1 நல்ல எண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த லோடே 100 வாட்டுக்கு 0.23 வாட்டைத் திருப்பி அனுப்பும். கப்ளர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது! அண்ணனின் லோடை மாட்டியதும் அந்த முள் படுத்துவிட்டது. பழைய லோடின் கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. இந்த ஊர்க் கடற்காற்றுக்கு எந்தப் பித்தளையும் தப்பாது.

அப்புறம் அளவுகோல். 7 மெகாஹெர்ட்ஸில் ஆஸிலோஸ்கோப்பை லோடின் மேல் வைத்து, உச்சிக்கு உச்சி 200 வோல்ட் வரும்வரை ஏற்றினேன். அது 100 வாட். வோல்டேஜில் 5 சதம் பிசகினால் பவரில் 10 சதம் பிசகும் என்பதால் புரோபின் காம்பன்சேஷனை முன்பே திருத்திக்கொள்வது நல்லது. 100-இல் சரியாக நிறுத்திவிட்டு 5 வாட் அனுப்பினால் 3.3 காட்டுகிறது. டயோடு விழுங்கும் கால் வோல்ட்தான் காரணம்: 5 வோல்டில் அது தெரியாது, 1.1 வோல்டில் நன்றாகவே தெரியும். அர்டுயினோவின் புரோகிராமில் அந்தக் கால் வோல்டைக் கூட்டிவிட்டு வர்க்கம் எடுத்ததும் 5 வாட் 5-ஆகவே வந்தது. 1 வாட்டுக்குக் கீழே அதை நம்ப மாட்டேன்.

கடைசியாக, டி கனெக்டரில் இரண்டு 50 ஓம் லோடுகளைச் சேர்த்து 25 ஓம் ஆக்கினேன். எஸ்டபிள்யூஆர் 2 வரவேண்டும், 100 வாட்டுக்கு 11 வாட் திரும்பவேண்டும். வந்தது. உள் முனையையும் வெளி முனையையும் மாற்றிப் போட்டாலும் எண்கள் அப்படியே இடம் மாறின.

பாதுகாப்புக்கு அர்டுயினோவை நம்பவில்லை. திரும்பும் வோல்டேஜ் போகும் வோல்டேஜில் பாதியைத் தாண்டினால், அதாவது எஸ்டபிள்யூஆர் 3-க்கு மேல் போனால், ஒரு எல்எம்393 (இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் ஐசி) ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் டிரைவ் சிக்னலை வெட்டிவிடும். அந்த போர்டு இன்னும் சாலிடர் ஆகவில்லை.