பழைய வேனுக்குப் புதிய பிளக்

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டதால், காலையில் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பினால்தான் அது கண் விழிக்கும். போன வாரம், எஞ்சினுக்குள் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். உதிரிபாகக் கடைக்காரர் இரிடியம் வகையை எடுத்து நீட்டினார். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு அது வீண் செலவு என்று தோன்றியதால், கையேட்டில் கண்டபடி சாதாரண நிக்கல் முனை கொண்ட என்ஜிகே நிறுவனத்தின் பிபிஆர்5இஎஸ் வகையையே கேட்டு வாங்கினேன். அந்தக் குறியீட்டில் ஆர் என்பது வானொலி இரைச்சலைக் குறைக்கும் மின்தடையையும், 5 என்பது வெப்ப எண்ணையும் குறிக்கும். என்ஜிகேயில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகையாகும், அதாவது வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். போஷிலோ இது தலைகீழ் என்பதால், நிறுவனம் மாற்றி வாங்குவோர் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டிவிடலாம் என்பார்கள். நான் அளந்தபோது இரண்டு பிளக்குகளில் நடு முனைக்கும் பக்க முனைக்கும் நடுவே பொறி தாவும் இடைவெளி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. கையேடு சொன்ன 0.8 மி.மீ. தடிப்புள்ள அளவுத் தகடு அந்த இடைவெளியில் லேசாக உரசிச் செல்லும்வரை பக்க முனையை மட்டும் மெல்ல வளைத்தேன், ஏனெனில் நடு முனையில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர் பிளக்கைக் கையாலேயே மரையில் ஏற்றி, வாஷர் படிந்தபிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்கினேன்.