யானை எண்ட்கேம்னா மட்டும் செத்துப்போற ஸ்டாக்ஃபிஷ், ஒருவழியா பிடிச்சாச்சு

ஸ்டாக்ஃபிஷ்ங்கிறது கம்ப்யூட்டர் செஸ் எஞ்சின். அதால மூணு ராத்திரி தூக்கம் போனது ஒரே ஒரு ஃபைலால, ஆறு காய் ஃபைல் 365-ல ஒண்ணு.

போர்டுல ஆறு காய் வரைக்கும் மிச்சமிருந்தா முடிவு என்னன்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிருக்கிற சிசிஜி டேபிள்பேஸ் முழுசையும் லிச்செஸ் சைட்டோட மிர்ரர்ல இருந்து இறக்கி வச்சேன், டபிள்யூடிஎல் (ஜெயமா டிராவா தோல்வியான்னு சொல்றது) 68 ஜிபி, டிடிசட் (அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எத்தனை நடைன்னு சொல்றது) 82 ஜிபி. தேடும்போது எஞ்சின் ஓயாம தொடறது டபிள்யூடிஎல்-ஐ தான், அதனால அது எஸ்எஸ்டி-ல, டிடிசட் பழைய ஹார்ட்டிஸ்க்ல, ஃபைல் எங்க இருக்குன்னு எஞ்சினுக்குச் சொல்ற பாத்-ல ரெண்டுக்கும் நடுவுல செமிகோலன். இதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மிடில்கேம் பொசிஷனை ராத்திரி பூரா ஓட்டினாலும் ஸ்டாக்ஃபிஷ் அசையாது, ஆனா காய் குறைஞ்சு எண்ட்கேம் கிட்ட வந்தா ஒரு செகண்ட் ஓடிட்டு ஆளையே காணோம். எரர் ஒண்ணும் கிடையாது, எஞ்சின் நின்னுபோச்சுன்னு ஒரு வரி, அவ்ளோதான்.

மொதல்ல ரேம் மேல சந்தேகம். இருக்குற 16 ஜிபி-ல 12-ஐ ஹாஷுக்கு, அதாவது எஞ்சின் ஏற்கனவே பாத்த பொசிஷனை ஞாபகம் வச்சுக்கிற இடத்துக்கு, கொடுத்திருந்தேன், பேராசை. 8192 எம்பி-க்கு இறக்கினேன். அது எப்படியும் பண்ணியிருக்க வேண்டியது தான், டேபிள்பேஸ் ஃபைலை எல்லாம் விண்டோஸ் மிச்ச ரேம்ல தான் தேக்கி வைக்கும், ஹாஷே எல்லாத்தையும் முழுங்கிட்டா ஒவ்வொரு தடவையும் டிஸ்குக்கு ஓடணும். (த்ரெட்ஸ், அதாவது எஞ்சின் ஒரே நேரத்துல எத்தனை இழையா ஓடணும்னு செட் பண்ணின அப்புறம்தான் ஹாஷ் செட் பண்ணணும், இதையும் நான் தலைகீழா பண்ணிட்டிருந்தேன்.) சாவு நிக்கல. மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க, சுத்தம். ப்ராசசர்ல பேஸ்ட் மாத்தினேன், கை பூரா ஈஷிக்கிட்டது தான் மிச்சம்.

அடுத்து பில்டு, அதாவது ப்ராசசர் வகைக்கு ஏத்த மாதிரி தனித்தனியா தர்ற ஸ்டாக்ஃபிஷ் ஃபைல். என்னோடது ரைசன் 5 3600, ஏஎம்டி-யோட ஜென் 2 தலைமுறை, புதுசு நல்லாத்தான் இருக்கும்னு பிஎம்ஐ2 பில்டு போட்டிருந்தேன். ஜென் 2 வரைக்கும் அந்த பில்டு பயன்படுத்தற பெக்ஸ்ட்ங்கிற ப்ராசசர் கட்டளை ரொம்ப மெதுவு, ஜென் 3-ல தான் சரியாச்சு. பெஞ்ச்னு வேகச் சோதனை அடிச்சு பாத்தா ஏவிஎக்ஸ்2 பில்டு தான் முந்துது. வேகம் கிடைச்சுது, சாவு மட்டும் அப்படியே.

மூணாவது ராத்திரி தான் ஒண்ணு உறைச்சுது. குதிரை எண்ட்கேம் எத்தனை வச்சாலும் ஓடுது. நான் போன வாரம் ஆடின கேம், ஒரு பக்கம் யானையும் எஃப், எச் சிப்பாயும், எதிர்ப்பக்கம் யானையும் ஏ சிப்பாயும், ராஜாக்களோட ஏழு காய், அதை வச்சா உடனே சாவு. யானை இருந்தாத்தான் சாகுது! சரின்னு எஞ்சினை ஓட்டற செஸ் போர்டு சாஃப்ட்வேர் எல்லாம் மூடிட்டு கருப்பு ஸ்கிரீனைத் திறந்து எஞ்சினை நேரா ஓட்டி, பாத், பொசிஷன், கோ-ன்னு கையால அடிச்சேன். கடைசி வரில தெளிவா எழுதியிருக்கு, டேபிள்பேஸ் ஃபைல் கரப்ட், பேரோட. ராஜா-யானை-ரெண்டு சிப்பாய் எதிர் ராஜா-யானை. ஏ சிப்பாயை வெட்டற லைன் வந்ததும் எஞ்சின் நேரா போய் நிக்கிற ஃபைல்.

நடந்தது என்னன்னா, பாத் கொடுத்ததும் எஞ்சின் ஃபைல் இருக்கான்னு மட்டும் பாத்து எண்ணிக்குது, ஆறுக்குக் கம்மி காய் ஃபைலையும் சேத்து 510-ன்னு சொன்னதும் நானும் நம்பிட்டேன். திறக்கறது முதல் தடவை தேவைப்படும்போது தான். அப்போ ஃபைல் சைஸை 64-ஆல வகுத்து மீதி 16 வருதான்னு பாக்குது, வரலைன்னா எரர் அவுட்புட்ல ஒரு வரி எழுதிட்டு வெளியேறிடுது. அந்த வரியை நான் வச்சிருக்கிற போர்டு காட்டறதே இல்ல. டவுன்லோட் நடுவுல கரண்ட் போன அன்னைக்கு இது பாதியில நின்னிருக்கணும், பேரு மட்டும் முழுசா இருந்துச்சு.

மறுபடி இறக்கி போட்டேன். இப்போ ஏ சிப்பாய் விழுந்ததும் டக்குனு 0.00. எஃப்-எச் சிப்பாய் யானை எண்ட்கேம் பெரும்பாலும் டிரா தான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா டேபிள்பேஸ் இல்லாம எஞ்சின் ரொம்ப நேரம் வெள்ளைக்கு ஜெயம் மாதிரியே காட்டிட்டிருந்துச்சு. கருப்பு ஆடினது நான் தான், அதைத் தோத்தேன், அது வேற கதை.

மீதி 16 தற்செயலா வந்துட்டா கெட்ட ஃபைலும் தப்பிச்சிடும், அதனால இப்போ விண்டோஸோட செர்ட்யூட்டில் வச்சு எல்லாத்துக்கும் எம்டி5, அதாவது ஃபைல் மாறாம வந்திருக்கான்னு காட்டற கையெழுத்து எண், பாத்துட்டிருக்கேன். டபிள்யூடிஎல் முடிஞ்சுது, வேற கோளாறு இல்ல. அடுத்து எல்சி0-ங்கிற இன்னொரு செஸ் எஞ்சின் போடணும், அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும், ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் விசாரிச்சு வச்சிருக்கேன், வீட்ல இன்னும் சொல்லல. டிடிசட் தான் பாக்கி, ஹார்ட்டிஸ்க் கடகடன்னு ஓடிட்டிருக்கு, இன்னும் பாதி கூட தாண்டல.