மைலோ டின்னில் கிடந்த பில்கள்

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடன், எங்கள் குழுவில் மற்ற நால்வருக்கும் சட்டென்று வந்தது. மிளகாய் போடக் கேட்ட எனக்கு மட்டும் இரண்டு மாதம் இழுத்தது. காரணம் என் மாமியார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, பாவம், அவரைத் திட்டியும் பயனில்லை.

மலேசியாவின் பேராக்கில் எங்களுடையது பழைய ரப்பர் தோட்டத்து ஊர். இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகளை இடித்த பிறகும், ஆற்றோரத்தில் மாமியார் காய்கறி போட்டுவந்த அரை ஏக்கர் அரசாங்க நிலம் எங்களிடமே இருந்தது. அதற்கான தற்காலிக லைசன்ஸ், அதாவது டிஓஎல், அவர் பெயரில். வருடா வருடம் என் வீட்டுக்காரர் போய்ப் பணம் கட்டுவார். கவுண்டரில் யாரும் எதுவும் கேட்டதில்லை. நாங்களும் வாயைத் திறந்ததில்லை.

கடன் முறை இதுதான்: ஐந்து பெண்கள் ஒரு குழு, அடமானம் கிடையாது, வாரா வாரம் தவணை. வங்காளதேசத்துக் கிராமின் வங்கி முறை, 1980களிலேயே இங்கே வந்துவிட்டது. வகுப்பு, ஐசி என்கிற அடையாள அட்டை நகல், கையெழுத்து எல்லாம் மளமளவென்று முடிந்தன. வீட்டுக்கு வந்த கடன் அதிகாரிப் பெண் டிஓஎல் தாளைப் பார்த்துவிட்டு, "காக் (அக்கா), இந்த ஐசி நம்பர் 47-இல் தொடங்குகிறதே, உங்களுக்கு அவ்வளவு வயதா?" என்று சிரித்தாள். ஐசி எண் பிறந்த வருடத்தில் தொடங்கும், அது மாமியாருடைய எண். நான் சிரிக்கவில்லை.

நில அலுவலகத்துக்கு முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. மோட்டார் சைக்கிளில் வெயிலில் போய் இறங்கினால் மணி பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை 12.15-க்கு மூடினால் 2.45-க்குத்தான் திறப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து தெரியும். அவசரத்தில் மறந்து தொலைத்தேன். திறந்ததும் கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இறப்புச் சான்றிதழ் எங்கே?" என்றார். திங்கட்கிழமை அதைக் கொண்டுபோனேன். அன்று வேறொருவர் இருந்தார். சான்றிதழைப் பார்த்ததும், "ஆள் இறந்தால் டிஓஎல்லும் செத்துவிடும், வாரிசுக்கு வராது, புதிதாக மனுப் போடுங்கள்" என்றார். இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு நாள் பெட்ரோலாவது மிச்சம். அப்போ மூன்று வருடமாக எங்களிடம் வாங்கிய பணம்? கேட்கத்தான் நினைத்தேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, எனக்கும் பயம்.

குழுவில் ஓர் அக்கா, "உன் தாள் சரியில்லை என்றால் நாளைக்கு உன் தவணையும் எங்கள் தலையில்தானே விழும்?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

காப்பாற்றியது ஒரு மைலோ டின். எங்கள் காயை வாங்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கொடுக்கும் சின்ன ரோஸ் நிறத் துண்டுச்சீட்டுகள், எல்லாம் சீன எழுத்து, எண்கள் மட்டும் எனக்குப் புரியும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வருடமாக அதில் போட்டு வைத்திருந்தேன். அதிகாரிப் பெண்ணிடம் கொட்டிக் காட்டினேன். நிலம் அடமானம் இல்லையே, பயிர் செய்து விற்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாள். தவுக்கே முனகிக்கொண்டே மலாயில் ஒரு கடிதம் எழுதி, சாப்பு (முத்திரை) குத்திக் கொடுத்தார். கூடவே புது மனு போட்ட ரசீதையும் வைத்தோம். மறு வாரம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வந்தது. ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த மொழியில் இருந்தாலும் சரி.

அடுத்த சிக்கலை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தவணை வாரத்துக்கு 66 வெள்ளி, ஐம்பது வாரம். மிளகாய்க்கு வாரக் கணக்கெல்லாம் தெரியாது. எங்கள் மண் புளிப்பு, சுண்ணாம்பு போட்டு இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். அப்புறம் நாற்று நட்டுக் காய் பழுக்க இரண்டரை மாதம். முதல் தவணைக்கு ஆள் வந்து நின்றபோது என் நிலத்தில் இருந்தது வெள்ளைத் தூள் மட்டும். நல்ல வேளையாக வீட்டுப் பின்னால் கீரை விதைத்திருந்தேன், அது 25 நாளில் பறிப்புக்கு வந்தது. கட்டு ஒன்றரை வெள்ளி, 44 கட்டு விற்றால் ஒரு தவணை. அதுவரை கையிருப்பும், ஒரு வாரம் என் மூக்குத்தியும். கடன் கேட்கப் போகும் முன்பே கீரையையும் வெண்டையையும் விதைத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு விதைக்கலாம் என்று உட்காராதீர்கள்.

பணத்தில் பாதி, மேலே வெள்ளி நிறமும் கீழே கறுப்புமாக இருக்கும் பிளாஸ்டிக் விரிப்புக்குப் போனது. அந்தப் பளபளப்புக்கு வெள்ளை ஈ அண்டாது என்றார்கள், நான் நம்பவில்லை. போன வருடம் அந்த ஈயால் பாதிச் செடி இலை சுருண்டு வீணானது. இந்தத் தடவை நூற்றுக்கு ஏழெட்டுதான். நேற்று தவுக்கே கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, விலை பேசாமல் எடுத்துக்கொண்டார்.

டிஓஎல் மனு இன்னும் "பரிசீலனையில்". அது எந்த மாதம் கொடுத்தாலும் டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். இப்போது அக்டோபர்.